வீட்டிலேயே செய்வோம் முட்டை, காய்கறி நூடுல்ஸ் சூப்



பள்ளிக்கூடம், மதரஸா, டியூஷன் எல்லாம் முடிந்து பிள்ளைகள் பசியோடு வீட்டுக்குள் நுழையும் மாலை நேரம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. மதியச் சோறு தீர்ந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். "உம்மா, நூடுல்ஸ் போட்டுத் தாங்க" என்ற குரல் வந்ததும் பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டு, மசாலாத் தூளைக் கொட்டி, சில நிமிடங்களில் தட்டில் வைத்துவிடுகிறோம். வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கிய பழக்கம் பல வீடுகளில் வாரத்தில் நான்கு, ஐந்து நாள் என்று ஆகிவிட்டது.

அதே நூடுல்ஸைக் கொஞ்சமாக எடுத்து, முட்டையும் காய்கறியும் தாராளமாகச் சேர்த்து சூப்பாகச் செய்தால் பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறும், உடம்புக்கு வேண்டியதும் கிடைக்கும். அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலைதான். அதன் செய்முறையையும், பொருள் வாங்கும்போது ஹலால் பற்றிக் கவனிக்க வேண்டியவற்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நூடுல்ஸும் முஸ்லிம்களும்

நூடுல்ஸ் என்றாலே சீனா, ஜப்பான், கொரியா என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மாவை நூலாக இழைத்துக் காயவைத்துச் சமைப்பது முஸ்லிம் சமூகங்களுக்கு நீண்ட காலமாகத் தெரிந்த கலை. புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி 1154 ஆம் ஆண்டு முடித்த தமது நூலில், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவு இழைகள் பெருமளவில் தயாராகி, கப்பல்களில் பல நாடுகளுக்கும் போவதைப் பதிவு செய்திருக்கிறார். சீனாவின் லான்ஜோ நகரம் இன்று உலகப் புகழ் பெற்றிருப்பது அங்குள்ள ஹுய் முஸ்லிம்களின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பால்தான். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நிற நூடுல்ஸ் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால்தான் அது நல்ல சூப் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து மலேசியா, சிங்கப்பூர் போன தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகளில் சீன நூடுல்ஸ் நம் மசாலாவோடு சேர்ந்து 'மீ கோரெங்' ஆனது. அதனால் நூடுல்ஸைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை. பாக்கெட்டில் வரும் உடனடி நூடுல்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

உடனடி நூடுல்ஸ் ஜப்பானில் 1958 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மைதா மாவை இழையாக்கி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து உலர்த்துவதுதான் அதன் நுட்பம். ஏற்கெனவே வெந்தது என்பதால்தான் நம் அடுப்பில் சில நிமிடங்களில் தயாராகிறது. எண்ணெயில் பொரித்த வகையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை கொழுப்பு இருக்கும். பொரிக்காமல் காற்றில் உலர்த்திய நூடுல்ஸும் கடைகளில் கிடைக்கிறது; அதில் கொழுப்பு மிகக் குறைவு.

அடுத்தது உப்பு. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். எடுத்துக்காட்டாக, 100 கிராமுக்கு 1000 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 700 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.75 கிராம் உப்பு. ஒரே பிள்ளை இரண்டு பாக்கெட் சாப்பிட்டால் மூன்றரை கிராம் அங்கேயே முடிந்தது. மீதி நாள் முழுவதும் சோறு, ஆணம், ஊறுகாய், சிப்ஸ் என்று சாப்பிடுவது தனிக் கணக்கு.

இந்த உப்பில் பெரும்பகுதி மசாலாத் தூளில்தான் இருக்கிறது. ஆகவே தூளை விட்டுவிட்டு நம் வீட்டு மிளகு, இஞ்சி, பூண்டைக் கொண்டு சுவை சேர்த்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. புரதம், நார்ச்சத்து ஆகியவற்றின் குறையை முட்டையும் காய்கறியும் ஈடு செய்யும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. காய்கறியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டும்போது அதில் கரைந்த சத்துகளும் போய்விடும். சூப்பில் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சாப்பிடுகிறோம்.

"நூடுல்ஸில் மெழுகு பூசியிருக்கிறார்கள், வயிற்றில் ஒட்டிக்கொள்ளும்" என்ற வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி வருகிறது. அது உண்மையல்ல. ஆவியில் வெந்து, எண்ணெயில் பொரிந்து அல்லது காற்றில் உலர்ந்து வருவதால்தான் இழைகள் ஒட்டாமல் இருக்கின்றன. முதல் தண்ணீரை வடிப்பதால் கொஞ்சம் எண்ணெயும் மாவுப்பசையும் குறையும் என்பது மட்டும் சரி.

ஹலாலா என்று பார்ப்பது எப்படி?

உண்பது ஹலாலாகவும் தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. நூடுல்ஸ் வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவப் பொருள். இறைச்சியோ, விலங்குக் கொழுப்போ, முட்டையோ அதில் சேர்க்கக் கூடாது. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். வெறும் முட்டை சேர்த்த நூடுல்ஸுக்கும் இந்தப் பழுப்புக் குறிதான் வரும். எனவே குறியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பொருட்களின் பட்டியலையும் படிக்க வேண்டும். கோழி, மாட்டிறைச்சிச் சாறு என்று இருந்தால் ஹலால் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம்.

2. எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். 627, 631, 635 என்ற சுவையூட்டிகளை இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம். மரவள்ளி போன்ற மாவுப்பொருளை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். 471 என்ற குழம்பாக்கி தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் வைத்து ஹலால், ஹராம் என்று சொல்ல முடியாது. பச்சைக் குறியோ, நம்பத்தகுந்த ஹலால் சான்றோ இருந்தால் கவலை தீர்ந்தது. இரண்டும் இல்லாவிட்டால் தவிர்த்துவிடுவது பேணுதல்.

3. இளைஞர்களிடம் இப்போது கொரிய, ஜப்பானிய 'ராமென்' மோகம் அதிகம். ராமெனில் 'தொன்கொத்ஸு' என்பது பன்றி எலும்புச் சாறு. 'மிரின்', 'சாக்கே' என்பவை அரிசியிலிருந்து எடுக்கும் மது வகைகள். இந்தச் சொற்கள் இருந்தால் அந்தப் பாக்கெட் நமக்கு வேண்டாம்.

4. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் உறவினர்கள் பை நிறைய நூடுல்ஸ் கொண்டு வருவார்கள். மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் மூயிஸ் அமைப்புகளின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பொருள் ஒரு நாட்டில் ஹலால் சான்றுடனும் வேறொரு நாட்டில் சான்றில்லாமலும் விற்கப்படலாம். நம் கையில் உள்ள பாக்கெட்டில் முத்திரை இருக்க வேண்டும்.

"இந்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளையும் அப்படியே பரப்ப வேண்டாம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குத் தரும் பாடம். ஹலாலை ஹராம் என்று பரப்புவதும் சிறிய காரியமல்ல.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

மசாலா சேர்க்காத நூடுல்ஸ் – 150 கிராம்
முட்டை – 4
கேரட் – 1 பெரியது
பீன்ஸ் – 8
முட்டைகோஸ் நறுக்கியது – 1 கப்
பச்சைப் பட்டாணி – ஒரு கைப்பிடி
வெங்காயத்தாள் – 3
இஞ்சி – ஒரு சிறு துண்டு
பூண்டு – 5 பல்
சோள மாவு – 1 டேபிள்ஸ்பூன்
மிளகுத்தூள் – 1 டீஸ்பூன்
உப்பு – முக்கால் டீஸ்பூன்
எண்ணெய் – 2 டீஸ்பூன்
எலுமிச்சம்பழம் – பாதி
கொத்தமல்லித்தழை – சிறிது
சூப் தண்ணீர் – 6 கப்

காய்கறிகளை வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சுரைக்காய், சௌசௌ, முருங்கைக்கீரை, காளான் எல்லாம் இந்த சூப்புக்குப் பொருந்தும். விலை குறைவாகக் கிடைக்கும் அந்தந்தப் பருவக் காயே போதும்.

செய்முறை

1. முதலில் சூப் தண்ணீர். ஹலாலாக அறுத்த கோழியின் எலும்பு கால் கிலோ இருந்தால், நன்றாகக் கழுவி, 7 கப் தண்ணீர், கொஞ்சம் இஞ்சி, நான்கைந்து மிளகு சேர்த்து குக்கரில் 5 விசில் விட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். எலும்பு இல்லையென்றால் முட்டைகோஸின் நடுத்தண்டு, கேரட்டின் இரு முனைகள், கொத்தமல்லிக் காம்பு என்று நாம் தூக்கிப்போடும் பகுதிகளைக் கழுவி, தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினாலே நல்ல மணமான சாறு கிடைக்கும். வீண்விரயமும் குறையும்.

2. வேறொரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நூடுல்ஸைப் போடுங்கள். முக்கால் பதம் வெந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, சில சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். சூப்பில் மீதி வெந்துவிடும்.

3. இஞ்சி, பூண்டைப் பொடியாக நறுக்குங்கள். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் பச்சைப் பகுதியையும் தனித்தனியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, இஞ்சி, பூண்டு, வெள்ளைப் பகுதி மூன்றையும் ஒரு நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது.

4. சூப் தண்ணீரை ஊற்றிக் கொதி வந்ததும் கேரட், பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து முட்டைகோஸ் சேர்த்து மேலும் இரண்டு நிமிடம். கீரை சேர்ப்பதாக இருந்தால் அதைக் கடைசியில்தான் போட வேண்டும். காய் மென்று சாப்பிடும் பதத்தில் இருக்கட்டும்.

5. சோள மாவைக் கால் கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். ஒரு நிமிடத்தில் சூப் லேசாகக் கெட்டிப்படும். முட்டைக்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. சூப் கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் முட்டை அடியில் போய்த் தங்காமல் மெல்லிய இழைகளாக மிதக்கும்.

6. முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, சிட்டிகை உப்புப் போட்டு நுரை வராமல் கலக்குங்கள். அடுப்பை மிதமாக்கி, சூப்பைக் கரண்டியால் ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றியபடி முட்டையை நூல் போல உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஊற்றி முடித்ததும் அரை நிமிடம் கிளறாமல் விட வேண்டும். பிறகு ஒரு கொதி வரட்டும்.

7. நூடுல்ஸ், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து ஒரு நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். எலுமிச்சைச் சாறு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கொத்தமல்லி ஆகியவற்றை இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். புளிப்பு இருந்தால் குறைந்த உப்பே போதுமானதாகத் தெரியும்.

சுவை கெடுவது எங்கே?

முட்டை சிறுசிறு துகள்களாக உடைந்து சூப் கலங்கிப் போனால், ஊற்றிய உடனே வேகமாகக் கிளறியதுதான் காரணம். சூப் கொதிக்காத நிலையில் முட்டையை ஊற்றினாலும் இப்படி ஆகும். நூடுல்ஸ் கூழாகிப் போனால், அதைச் சேர்த்த பிறகு நீண்ட நேரம் அடுப்பில் விட்டிருப்போம். வாப்பா கடையிலிருந்து வர நேரமாகும் என்றால் அவருடைய பங்கு நூடுல்ஸைத் தனியே எடுத்து வைத்து, வந்தபின் சூடான சூப்பை மேலே ஊற்றிக் கொடுங்கள்.

முட்டை விஷயத்தில் சுத்தம் முக்கியம். ஓடு விரிசல் விட்ட முட்டையைப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரில் போட்டால் நல்ல முட்டை கீழே படுத்துக்கிடக்கும்; மேலே மிதப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற வேலை. சால்மொனெல்லா என்ற கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டு முட்டையை மேலே வைக்கும் ராமென் படங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

யாருக்கு எப்படிக் கொடுக்கலாம்?

சிறு குழந்தைகளுக்கு: நூடுல்ஸைச் சிறிதாக வெட்டி, பட்டாணியை மசித்துக் கொடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டாம். அதன் பங்கை உப்புப் போடுமுன் எடுத்துவிடுங்கள். முட்டையோ கோதுமையோ சிலருக்கு ஒவ்வாமை தரும். தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு: நூடுல்ஸைப் பாதியாக்கி, காயை இரண்டு மடங்காக்குங்கள். உப்பைக் குறைத்து மிளகையும் எலுமிச்சையையும் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவின்படி நடந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு: நூடுல்ஸ் கொஞ்சமும் சூப் அதிகமுமாக, குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் 'தல்பீனா' என்ற வாற்கோதுமைக் கஞ்சியைச் செய்து கொடுக்கும்படி ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லி வந்ததை ஹதீஸ் நூல்களில் பார்க்கிறோம். உடம்பு முடியாதவருக்கு இதமான, நீர்த்த உணவு என்பது நம் மார்க்கத்துக்குப் பழக்கமான ஒன்று.

நோன்பு நாட்களில்: இஃப்தாரில் கஞ்சி இருக்கும்போது இது தேவைப்படாது. சஹருக்கு, சோறு இறங்காத பிள்ளைகளுக்கு நல்ல மாற்று. உப்பு மட்டும் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பகலில் தாகம் வாட்டும்.

மீதமானால் 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

பிள்ளைகள் காய்கறியை ஒதுக்கினால்?

சூப்பைக் குடித்து நூடுல்ஸைத் தின்றுவிட்டு கேரட்டையும் பீன்ஸையும் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. திட்டியோ, கெஞ்சியோ பார்த்துப் பலன் கிடைக்காதவர்களுக்கு ஒரு நபிமொழியில் வழி இருக்கிறது. தையல்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் பரிமாறப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்துச் சாப்பிடுவதைச் சிறுவயதினரான அனஸ் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போனது என்று அவர்களே அறிவிக்கும் செய்தி புகாரீயில் இருக்கிறது.

யாரும் அனஸ் (ரலி) அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தாம் நேசிப்பவர் விரும்பிச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் வாப்பா காயை ஒதுக்கிவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? எல்லோரும் ஒரே ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து, பெரியவர்கள் காயை விரும்பி எடுத்துச் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கேரட் சீவுவது, பட்டாணி உரிப்பது, முட்டை கலக்குவது போன்ற வேலைகளை மகள்களுக்கு மட்டுமல்லாமல் மகன்களுக்கும் கொடுங்கள். தன் கையால் செய்ததை எந்தப் பிள்ளையும் எளிதில் ஒதுக்காது. நாளை வெளிநாட்டில் தனி அறையில் தங்கி வேலை பார்க்கப்போகும் மகனுக்கு இந்த ஒரு சமையல் தெரிந்திருந்தாலும் பெரிய உதவி.

பரிமாறும்போது

பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு முன்னால் உள்ளதிலிருந்து சாப்பிடப் பழக்குங்கள். சூடான சூப்பைப் பிள்ளைகள் வாயால் ஊதுவார்கள். பானத்தில் ஊதுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அகலமான கிண்ணத்தில் ஊற்றிச் சற்று ஆறவிட்டுக் கொடுத்தால் ஊதவும் தேவையில்லை, நாக்கும் சுடாது.

ஆணம் சமைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் அதிலிருந்து கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இறைச்சியைக் கூட்டச் சொல்லாமல் தண்ணீரைக் கூட்டச் சொன்னதால், கையில் வசதி குறைந்தவருக்கும் கொடுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. நாம் செய்யும் சூப்பிலும் இன்னும் இரண்டு கப் தண்ணீரும் ஒரு கைப்பிடி காயும் சேர்ப்பதில் பெரிய செலவு இல்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கோ, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கோ ஒரு கிண்ணம் போய்ச் சேரட்டும். அண்டை வீட்டார் மாற்று மதத்தவராக இருந்தால், முட்டையும் கோழிச்சாறும் சேர்த்திருப்பதைச் சொல்லி, அவர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்டுக் கொடுப்பதே முறை. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காய்கறிச் சாற்றில் தனியாகச் செய்து கொடுக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலானதாகவும் தூய்மையானதாகவும் ஆக்கி, அதில் பரக்கத் செய்து, நம் பிள்ளைகளுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.